நமுனுகுல உச்சியில் ஒரு சிலோன்காரர்

இலங்கையில், பதுளைக்குப் பக்கத்து நமுனுகுல மலையின் காலடியில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில், உச்சிக்குப் போயிருக்கிறீர்களா என்று பெரியவர்களைக் கேட்டால் முதலில் சிரிக்கிறார்கள். விறகுக்குப் போனோம், மாட்டுக்குப் புல் அறுக்கப் போனோம், பீலியில் தண்ணீர் நின்றுபோன வருஷம் ஊற்று தேடிப் போனோம் என்பார்கள். அதற்கு மேல் எதற்கு? வாரம் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஏறினால் யார் பேர் போடுவார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு நாள் சம்பளம் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏறுவதுதான் அங்கே பேர் போடுவது.

2024 ஆகஸ்டு கடைசியில் அந்த உச்சிக்குக் கிளம்பியவர் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பிறந்தது அந்த மலையடித் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டில். வளர்ந்ததும் படித்ததும் வேலை பார்த்ததும் நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில். கோத்தகிரியில் இன்றைக்கும் அவருக்குச் சிலோன்காரர் என்றுதான் பெயர். பதுளையிலோ, வந்து இறங்கியதுமே இந்தியாக்காரர் ஆகிவிட்டார்.

அவர் குடும்பம் இலங்கையை விட்டது 1973இல். பதுளை ஸ்டேசனில் மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்த ரயில், தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல், இராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். இந்தமுறை திரும்பி வந்ததும் கடல் வழியாகத்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘சிவகங்கை’ கப்பல் அந்த ஆகஸ்டு 16ஆம் தேதிதான் ஓடத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை பஸ், கண்டியிலிருந்து பதுளைக்குக் கோச்சி.

அவர்கள் போனதற்குக் காரணம் இரண்டு தலைநகரங்களில் போடப்பட்ட கணக்கு. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இலேயே, குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கோடு குடும்பங்களுக்கு நடுவிலும் விழுந்தது. ஆசிரியரின் அக்கா அதற்குள் கல்யாணமாகி இருந்தார். அவருடைய கணவர் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார். அதனால் அக்கா லயத்தில் நின்றுவிட்டார், தம்பி கோச்சி ஏறினார்.

பதுளை நகரம் அவருக்கு அதிகம் புரிபடவில்லை. கடைவீதி மாறியிருந்தது, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் புதிது. மாறாதவை இரண்டு. ஒன்று, 1924இல் தண்டவாளம் வந்து முடிந்த அந்த ஸ்டேசன். கொழும்பிலிருந்து 292 கிலோமீட்டர், அதற்கப்பால் ரயில் பாதை இல்லை. இன்னொன்று, மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பேர் வாங்கிய அந்த ஆங்கிலேய அதிகாரி 1845இல் அப்புத்தளைப் பக்கம் இடி விழுந்து செத்தார். யானைகளின் சாபம் என்று தோட்டத்துப் பாட்டிமார் சொல்லிக் கேட்ட கதை ஆசிரியருக்கு அப்படியே நினைவிருந்தது.

நகரத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கில் மலை நிற்கிறது. ஒன்பது முடிகள் கொண்ட தொடர், உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். நகரம் கிடப்பது கிட்டத்தட்ட 680 மீட்டரில். நேர்கோட்டில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

ஏறலாம் என்று கிளப்பிவிட்டவன் அக்காவின் பேரன். எல்லயில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான். லீவு நாட்களில் வெள்ளைக்காரப் பயணிகளை மலைக்குக் கூட்டிப்போகிறான். எல்லக் கல்லும் சின்னச் சிவனொளிபாத மலையும் வரிசையில் நின்று படமெடுக்கும் இடங்களாகிவிட்டதால், ஆளில்லாத மலை கேட்கிறவர்கள் இவனிடம் வருகிறார்கள்.

“தாத்தா, விடியமுன்ன கிளம்பணும். வெயில் ஏறினா மானாப்புல்லுல நிக்க ஏலாது,” என்றான். ரொட்டியும் கட்டச் சம்பலும் பொட்டலமாயின. காலுறைக்குள் தேய்க்க ஒரு சவர்க்காரக் கட்டியும் எடுத்துக்கொண்டான், அட்டைக்காக. ஆகஸ்டில் அட்டை குறைவு, ஆனால் மேலே காட்டுக்குள் நிழலில் கிடக்கும் என்றான்.

முதல் ஒரு மணி நேரம் தேயிலைக்குள்தான் நடை. வண்டிப் பாதை முடிந்து, கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைகளுக்கு நடுவே குறுக்குப் பாதை. இருட்டு விலகும்போது காற்று பிடித்துக்கொண்டது. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் கச்சான் என்று சொல்லும் காற்று அது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, முதுகெலும்பு மலைகளின் இடுக்குகள் வழியாக இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை செடி தவித்து, கொழுந்து மெதுவாக வளர்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணமும் விலையும் கிடைப்பது இந்த மாதங்களின் கொழுந்தால்தான். ஆசிரியரின் அம்மாவுக்கு இந்தக் காலம் வேறு விதமாகத்தான் தெரிந்திருந்தது. கொழுந்து குறையும், கூடை நிறையாது, அரைப்பேர் போடுவார்கள்.

வழியில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக் களம் வந்தது. பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றோடு நின்றிருந்தார்கள். இந்த வயதில் எங்கே போகிறீர்கள் ஐயா என்று ஒருவர் கேட்டார். உச்சிக்கு என்றதும் சிரிப்பு எழுந்தது. பேச்சு உடனே சம்பளத்துக்குத் தாவியது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். நாட்சம்பளம் 2021இல் வந்த 1,000 ரூபாயிலேயே நின்றிருந்தது. 1,700 வேண்டும் என்ற இழுபறி வழக்கு, வர்த்தமானி என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தக் காலையில் அது யாருக்கும் தெரியாது.

தேயிலை முடிந்ததும் யூகலிப்டஸ். ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்கு விறகாகத் தோட்டங்கள் நட்ட மரம் அது. அதைத் தாண்டியதும் பத்தனை என்னும் புல்வெளி தொடங்கியது. அங்கேதான் மலை தன் வேலையைக் காட்டியது. பாதை வளைந்து போகவில்லை, நேராக மேலே எழுந்தது. மானாப்புல் தோள் உயரம். பிடித்தால் கையை அறுக்கும், பிடிக்காவிட்டால் கால் வழுக்கும். சில இடங்களில் போன தீயில் கருகிய தூர்கள் மட்டும் நின்றன, புழுதி முகத்தில் அடித்தது. ஆசிரியர் பத்தடிக்கு ஒருதரம் நின்றார். பேரன் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு செடியைக் காட்டி, அதற்காகவே நின்றதுபோல் பாவனை செய்தான்.

கடைசிப் பகுதி காடு. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, பாசி தொங்க நின்றன. புழுதியும் வெக்கையும் சட்டென்று அறுந்தன. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறேழு பாகை குளிரும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர், அதைக் காதுமடலில் உணர்ந்தார். வேர்களைப் படியாகப் பிடித்து ஏறவேண்டியிருந்தது. அட்டைகள் வாக்குத் தவறவில்லை.

உச்சியில் முதலில் மேகம்தான் இருந்தது. காற்று அதை நகர்த்த, நாடு துண்டு துண்டாகக் கிடைத்தது.

தென்மேற்கே எல்லக் கல்லும் பள்ளத்தாக்கின் வாயும். அதற்கு இப்பால் தெமோதரப் பக்கம். அங்கே ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தன் ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. வடமேற்கே பதுளை, வெள்ளைச் சுவர்களின் சிதறல். கிழக்கே பசறை, வடகிழக்கே லுணுகலையும் மடுல்சீமை மலைகளும். கோப்பியைத் தின்ற துரு நோய் 1869இல் முதலில் கண்ணில் பட்டது அந்த மடுல்சீமையில்தான். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு வந்து போன ஆட்கள், தேயிலை வருஷம் முழுக்கக் கைகளைக் கேட்டதால் லயத்தில் தங்கிப்போனார்கள். ஆசிரியரின் முன்னோர் இங்கே வேர் விட்டதற்கு ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு.

கிழக்கில் மலை முடிந்து வெல்லஸ்ஸ சமவெளி விரிந்தது. 1817–18இல் பிரிட்டிஷாருக்கு எதிராக எழுந்த ஊவாக் கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்ட நிலம். வெயிலில் குளங்கள் மின்னின. இந்த உயரத்துக்கு அடிவானம் 160 கிலோமீட்டர் தள்ளித்தான். பொத்துவில் கரை நேர்கோட்டில் அதில் பாதி தூரம். கணக்குப்படி கடல் தெரிய வேண்டும். புகைமூட்டம் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை.

பேரன் தூரத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த தோட்டம் முழுசாகக் கீழே கிடந்தது. துரை பங்களா மூக்குப்போல் நீண்ட ஒரு மேட்டில், மூன்று பக்கமும் தேயிலை தெரிகிற இடத்தில். ஸ்டோர், மேல்மாடிகளில் கொழுந்து வாட்டுவதற்கென்று வரிசையாகச் சன்னல் வைத்து, காற்று வரும் திசையைப் பார்த்து. பள்ளத்து மடிப்புகளில், தேயிலைக்கு ஆகாத துண்டு நிலத்தில், லயங்கள். பங்களாவிலிருந்து பிரட்டுக் களம் தெரியும், களத்திலிருந்து தேயிலை மலைகள் தெரியும். லயத்திலிருந்து லயம்தான் தெரியும். சின்ன வயதில் அவருக்குத் தோட்டம் என்பது தண்ணீர்ப் பீலி, பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பரா, பள்ளிக்கூடம், முன்திண்ணையான இஸ்தோப்பு. யார் எதைப் பார்க்கவேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டிய இடம் அது என்பது மேலே நின்றால்தான் பிடிபடுகிறது.

1940இல் பதுளையருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது துரைமார் ஏன் அவ்வளவு மிரண்டார்கள் என்று அவர் பேரனுக்கு விளக்கினார். அத்தனை நாள் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பள்ளத்திலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள் என்றார்.

“அந்தா, வெள்ளைத் தகரம் தெரியுதா தாத்தா? அது நம்ம வீடு வர்ற எடம்,” என்றான் பேரன். லயத்துக்குத் தள்ளி, ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. 2015க்குப் பிறகு தோட்டங்களில் அந்த அளவில் வீடுகள் எழும்பத் தொடங்கின, இந்திய அரசின் வீட்டுத்திட்டமும் அதில் சேரும். ஏழு பேர்ச் என்றால் சுமார் 177 சதுர மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவோடு ஒப்பிட்டால் பெரிசுதான். ஆனால் வீடு ஏறியவர்களில் பலருக்குக் காணி உறுதி கைக்கு வரவில்லை. அக்கா வீட்டுக்கு அஸ்திவாரம் மட்டும் முடிந்திருந்தது.

இடம் எது என்பதும் முக்கியம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, இதே மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள்மேல் மலை சரிந்து மூடியது. ஆபத்தான சரிவு என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. போவதற்கு வேறு நிலம் இல்லை. அன்றைக்குக் கோத்தகிரியில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, அக்காவின் தோட்டமா என்று தெரியாமல் போன் போட்டுக்கொண்டே இருந்ததை ஆசிரியர் சொன்னார்.

இந்தியாவில் காணி கிடைத்ததா தாத்தா என்று பேரன் கேட்டான். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழக அரசு நடத்திய டான்டீ தோட்டத்தில் அப்பா அம்மாவுக்கு வேலை கிடைத்தது, குடியிருக்க வீடும் கிடைத்தது. வீடு வேலையோடு ஒட்டியது, ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். டான்டீயின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக்கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது பலருக்கு மறுபடி மூட்டை கட்டும் பயம் வந்தது. ஆசிரியர் வாத்தியார் வேலையால் தப்பித்து, கடன் வாங்கி இரண்டு சென்டு வாங்கியவர். “ரெண்டு சென்டுன்னா எத்தன பேர்ச்?” என்று பேரன் போனில் கணக்குப் போட்டான். மூன்றேகால்கூட வரவில்லை. “அப்ப நாங்கதான் பணக்காரங்க,” என்றான்.

ஏற்றத்தில் மூச்சு போனது, இறக்கத்தில் முழங்கால் போனது. மானாப்புல்லில் பாதி தூரம் உட்கார்ந்தே வந்தார். நாலு மணிக்கு லயத்துக்குத் திரும்பியபோது அக்கா வெந்நீரும் தேத்தண்ணியும் வைத்திருந்தார்.

“மேல என்னா தம்பி இருக்கு?”

“நம்ம தோட்டந்தான்க்கா.”

“அதப் பாக்கவா அம்புட்டு தூரம் போன?”

பேரனுக்குச் சனிக்கிழமை இரண்டு ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள். மேலே நின்று அவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டான். ஆசிரியர் காலை வெந்நீரில் வைத்தபடியே பாடம் எடுத்தார். மடுல்சீமையின் துரு நோய், வெல்லஸ்ஸ, பங்களா மேடு, ஒப்பந்தம். போனில் தட்டிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான்.

“ஒப்பந்தம் 64ஆ, 74ஆ தாத்தா?”

“ரெண்டும்.”

“அப்ப ஏறும்போது ஒண்ணு, எறங்கும்போது ஒண்ணு,” என்று எழுதிக்கொண்டான்.