கீல் குளத்தில் முங்கிய கப்பல்

ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கரையிலுள்ள கீல் நகரத்துக்கு நான் போனது நிஜ நீர்மூழ்கியைப் பார்க்கத்தான். ஆனால் முதலில் என்னை வாயடைக்க வைத்தது 93 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் கப்பல்.

நான் தங்கிய வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கியான யு-படகு ஒன்றை 1:72 அளவில் செய்து, ரிமோட்டில் இயங்க வைத்திருந்தார். “காலையில் குளத்தில் சோதனை. வருகிறீர்களா?” என்றார். கடல் பக்கத்திலேயே இருக்க, குளம் எதற்கு? உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடுமாம். நன்னீரிலும் இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் எடுபடாது. அதனால்தான் பழைய 40 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இரவே குளியல்தொட்டியில் முதல் சோதனை நடந்தது. பேட்டரி, மோட்டார், ரிசீவர் எல்லாம் ஒரே குழாய்க்குள். மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் தடவி, குழாயைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். புரொப்பல்லர் தண்டு வெளியே வரும் இடத்தில் கடுகளவு குமிழி ஒன்று திரண்டு, தயங்கி, மேலே போனது. அங்கிருந்த சீல் வளையத்தை மாற்றிவிட்டு மறுபடி அமுக்கினார். குமிழி நின்ற பிறகுதான் படுக்கப் போனார்.

காலையில் குளம் கண்ணாடிபோல் கிடந்தது. கப்பலின் உள்தொட்டியில் தண்ணீர் ஏறினால் மேல்தளம் மறைந்து, கோபுர உச்சி மட்டும் வெளியே தெரிய வேண்டும். அதற்குமேல் இறக்குவது ஓட்டத்தின் வேகமும் பக்கத் துடுப்புகளும். சிக்னல் அறுந்துபோனால் தண்ணீரைத் தானே வெளியேற்றி மேலே வந்துவிடும்.

நடந்தது வேறு. வால் முங்கியது, மூக்கு வானத்தைப் பார்த்தது.

முன்பக்கம் ஓர் ஈயத்துண்டை வைத்தார். இப்போது மிதக்கும்போதே மூக்கு தாழ்ந்தது. ஈயத்தை எடுத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். “மிதக்கும்போது சமமாக இருக்கிறது. முங்கினால்தான் கோளாறு. எடையில் தப்பில்லை” என்றவர், கப்பலைக் கையால் அமுக்கி இப்படியும் அப்படியும் சாய்த்தார். முன்தளத்துக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று காற்று வெளியேறியது! தப்பிக்க வழியில்லாமல் அங்கே அடைபட்டிருந்த காற்றுதான் மூக்கைத் தூக்கியிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து, கைத்துளைப்பானால் தளத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டார்.

இந்த முறை கப்பல் சமமாக அமிழ்ந்தது. கோபுரமும் மறைந்தது. பழுப்புத் தண்ணீருக்கடியில் ஒரு நிழல் வாத்துகளைத் தாண்டிப் போவதைப் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது.

வால் தாழ்ந்த கதை இந்த ஊருக்குப் புதிதில்லை என்றார் அவர். 1851 பிப்ரவரி 1 அன்று வில்ஹெல்ம் பாவர் என்பவர், தான் வடிவமைத்த ‘பிராண்ட்டௌகர்’ நீர்மூழ்கியில் இரண்டு பேருடன் கீல் துறைமுகத்தில் இறங்கினார். எடைக்காக உள்ளே விட்ட தண்ணீர் பின்பக்கம் ஓட, படகு வால் முன்னாகத் தரைதட்டியது. வெளியழுத்தத்தால் மூடியைத் திறக்க முடியவில்லை. “இன்னும் தண்ணீரை உள்ளே விடுங்கள்” என்று சாவின் விளிம்பில் இருந்த இரண்டு பேரையும் பாவர் சம்மதிக்க வைத்தார். உள்ளழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமானதும் மூடி திறந்தது, மூவரும் பிழைத்தார்கள். 1887இல் மீட்கப்பட்ட அந்தப் படகு இப்போது ட்ரெஸ்டன் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழுத்தத்தை எதிர்க்காமல் அதை உள்ளே விட்டுத் தப்பிக்கலாம் என்று அந்த இருட்டில் யோசித்த மூளையை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

மறுநாள் கீலுக்கு அருகிலுள்ள லபோ கடற்கரைக்குப் போனேன். அங்கே 1972 முதல் மக்கள் பார்வைக்கு இருக்கிறது, நான் பார்க்க வந்த நிஜ நீர்மூழ்கி யு-995. நீளம் 67 மீட்டர். எல்லோரும் உள்ளே போக வரிசையில் நின்றார்கள். நான் வெளியிலேயே நின்று, தளத்துக்குக் கீழே விலாவில் நீளும் துளை வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் உள்ளே புகவும் காற்று வெளியேறவும் வைத்தவை. நீங்கள் லபோவுக்குப் போனால், படியேறும் முன் அந்தத் துளைகளை ஒருமுறை பாருங்கள்.