மணி ஜப்பான் போகிறான்

"நமக்கெல்லாம் விஸா வந்துவிடும். மணிக்கு?" என்று அக்கா கேட்டபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மணியைப் பார்த்தோம். தன்னைப் பற்றித்தான் ஏதோ நல்ல சமாசாரம் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவன் படுத்தபடியே வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினான்.

மணி உயர்ந்த ஜாதி நாய் அல்ல. ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், மயிலாப்பூர் மாட வீதியில் நனைந்துகொண்டிருந்தவனை அக்காவின் பெண் சின்னு பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. காப்பிப் பொடி நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். எடை 14 கிலோ. அத்தானுக்கு டோக்கியோவில் உத்தியோகம் ஆனதும், "மணி வராவிட்டால் நானும் வரவில்லை" என்று சின்னு சொல்லிவிட்டாள். அவள் அழுது அடம் பிடித்திருந்தால் சமாளித்திருப்போம். அழாமல் சொன்னாள், அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

டிக்கெட் வாங்கினால் ஆயிற்று என்று நான் நினைத்திருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற என் வீட்டாரும் அப்படியே நினைத்திருந்தார்கள். பாவம்!

ஜப்பானில் 1957-க்குப் பிறகு எந்தப் பிராணிக்கும் வெறிநாய்க்கடி நோய் கண்டதில்லை. 2006-ல் அந்த நோயால் அங்கே இறந்த இருவரும் வெளிநாட்டில் கடிபட்டுத் திரும்பியவர்கள். நம் தேசத்திலோ ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இந்த நோய்க்குப் பலியாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே நம் ஊர் நாய் என்றால் அவர்கள் கதவை மெதுவாகத்தான் திறக்கிறார்கள். முதலில் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு முப்பது நாள் இடைவெளி விட்டு இரண்டு தடுப்பூசி. பிறகு ரத்தப் பரிசோதனை. அதையும் ஜப்பான் ஒப்புக்கொண்ட ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாகக் கொண்டுபோனால், பாக்கி நாட்களை அங்கே விமான நிலையத்துக் காவல் கொட்டடியில் நாய் தனியாகக் கழிக்க நேரும்.

"நாய்க்குச் சிலை வைத்த ஊர் என்று சொன்னாயே மாமா!" என்றாள் சின்னு. வாஸ்தவம்தான். செத்துப்போன எஜமானுக்காக ஒன்பது வருஷத்துக்கு மேல் ரயிலடியில் காத்திருந்த ஹாச்சிகோவுக்கு, அது உயிரோடு இருந்தபோதே, 1934-ல், ஷிபுயா நிலையத்தில் சிலை வைத்தார்கள். காத்திருப்பதற்கு அவ்வளவு மரியாதை செய்கிற தேசம், நம்மையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் நாங்கள் காத்திருக்க வேண்டியதற்கு மேலேயே காத்திருந்தோம். அந்தக் கதை இது.

மணிக்கு 2024 டிசம்பரில் வழக்கமான தடுப்பூசி போட்டாகியிருந்தது. 2025 ஜனவரி 16-ம் தேதி ஒரு தனியார் மருத்துவ விடுதியில் மைக்ரோசிப் வைத்து, அன்றே இன்னொரு ஊசியும் போட்டு, ரத்தமும் எடுத்து அனுப்பினார்கள். "இரண்டு ஊசி ஆகிவிட்டது, கவலையை விடுங்கள்" என்றார்கள். ஆய்வுக்கூடத்துக்கு நிறையப் பணம் கட்டினோம். அத்தான் டோக்கியோ போய்ச் சேர்ந்து காகிதங்களை அங்குள்ள பிராணி குவாரண்டைன் அலுவலகத்துக்குக் காட்டியபோதுதான் விஷயம் வெளியாயிற்று. மைக்ரோசிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் சேராது! எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்று சொல்ல அப்போது அடையாளம் ஏது? ஆகவே மணிக்கு ஆனது ஓர் ஊசிதான். எடுத்த ரத்தமும் வீண்.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. "இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகிறதே" என்று மட்டும் சொன்னாள். பிராணியை அழைத்துக்கொண்டு கடல் கடக்க நினைக்கும் சகோதரிகள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: சிப் முதலில், ஊசி பிறகு.

இந்தத் தடவை வேப்பேரிக்குப் போனோம். 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. கூடையில் பூனை, கூண்டில் கிளி, கயிற்றில் ஆடு என்று எல்லோரும் முறைக்காகக் காத்திருந்தார்கள். சீமை நாய் ஒன்று, நடுங்கிக்கொண்டு எஜமானியம்மாளின் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது. மணி தெருவில் பிறந்தவன். கூட்டத்தைக் கண்டு அஞ்சவில்லை. பிப்ரவரி 17-ம் தேதி இரண்டாவது ஊசி போட்டு, ரத்தமும் எடுத்தார்கள்.

"ஊசிதான் போட்டாயிற்றே, ஆறு மாதம் எதற்கு?" என்று அம்மா டாக்டரைக் கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி வேலை செய்திருக்கிறதா என்று காட்டும். ஆனால் ஊசிக்கு முன்பே கிருமி உடம்பில் புகுந்திருந்தால்? அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அதைக் காட்டிக்கொடுக்க நாட்களைத் தவிர வேறு பரிசோதனை கிடையாது. அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. எனக்கு மறுபடி ஒரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

சில வாரங்களில் முடிவு வந்தது. அரைப் புள்ளிக்குக் குறையக் கூடாது. மணிக்கு நாலுக்கு மேல் இருந்தது! ஆகஸ்ட் 16-ம் தேதியைச் சின்னு காலண்டரில் சிவப்பு மசியால் வட்டமிட்டாள்.

அடுத்தது கூண்டு. உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், தாராளமாகப் படுக்க வேண்டும். மூக்கிலிருந்து வாலின் அடி வரைக்கும் உள்ள நீளத்தோடு முன்காலின் உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கூண்டின் நீளம். அம்மா தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து அளந்தாள். ரவிக்கைக்கு அளவு எடுப்பது போல இரண்டு தரம் சரி பார்த்தாள்.

கூண்டு வந்த அன்று மணி அதை ஒரு சுற்று முகர்ந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். தூக்க மருந்து கொடுத்துத் தூக்கி வைக்கலாமே என்றேன் நான். கூடாதாம். ஆகாயத்தில் அந்த மருந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கெடுத்துவிடும். விமானக் கம்பெனிகளும் சம்மதிக்கமாட்டா. கூண்டைப் பழக்குவது ஒன்றுதான் வழி.

பழக்கியது அம்மாதான். முதல் வாரம் கதவைத் திறந்து வைத்து, வாசலோரம் தயிர் சாதம் வைத்தாள். அடுத்த வாரம் தட்டு ஒரு சாண் உள்ளே போயிற்று. அப்புறம் இன்னும் ஒரு சாண். தன்னுடைய பழைய நூல் புடவை ஒன்றை மடித்து உள்ளே போட்டாள். வைகாசி வெயிலில் ஒரு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது, மணி கூண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான், கதவு சாத்தியிருந்தது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பார்த்தாயா, சாத்தினேன், எழுந்திருக்கவே இல்லை" என்றாள். வெற்றிக் குரல்தான். ஆனால் சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அக்காவும் சின்னுவும் போன பிறகு இந்த வீட்டில் பகல் முழுதும் அம்மாவுக்குத் துணை என்று இருந்திருக்கக்கூடியவன் மணி ஒருவன்தான். நானோ ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் வீடு திரும்பாதவன். "அவன் இங்கேயே இருக்கட்டுமே" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா தயங்கியிருப்பாள். அந்த ஆறு மாதமும் அம்மா அதைச் சொல்லவில்லை. தட்டைத்தான் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

மற்றவை காகித வேலை. வந்து சேருவதற்கு 40 நாள் முன்னதாக ஜப்பானுக்குத் தகவல். விமானம் மாறுகிற ஊரின் விதிகள். நாய்க்கு இடம் தரும் வாடகை வீடு. இந்த வீடு தேடும் படலத்தில்தான் அத்தான் மிகவும் திண்டாடினார். நாய் என்றதும் தலையை ஆட்டி மறுக்கிற வீட்டுக்காரர்கள் அங்கேயும் உண்டு. கடைசியில் கூடுதலாக முன்பணம் கட்டித்தான் வீடு கிடைத்தது.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் பள்ளிக்கரணைக்குப் போனோம். மத்திய அரசின் பிராணி குவாரண்டைன் நிலையம் அங்கே இருக்கிறது. பொருத்தமான ஊர்தான். பக்கத்துச் சதுப்பு நிலத்துக்குப் பனிக்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் ஸர்டிபிகேட் ஒன்றும் இல்லாமல் வந்து இறங்குகின்றன! மணிக்கு அந்தச் சலுகை இல்லை. அதிகாரி ஒரு கருவியை அவன் தோளுக்கு மேல் காட்டினார். 15 இலக்க எண் தெரிந்தது. சின்னு ஒவ்வோர் இலக்கமாகக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. முத்திரை விழுந்தது.

ஆகஸ்ட் 20 இரவு மீனம்பாக்கத்தில், கூண்டு உருண்டு உள்ளே போகும்போது மணி எங்களைப் பார்த்தான், குரைக்கவில்லை. அம்மா வரவில்லை. "வீட்டிலேயே சொல்லிக்கொண்டு விட்டேன்" என்று தங்கிவிட்டாள்.

மறுநாள் இரவு அக்கா டெலிபோனில் கூப்பிட்டாள். நரிடாவில் காகிதங்களைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டார்களாம். இனி முப்பது நாளுக்குள் பேட்டை அலுவலகத்தில் பதிவு செய்து, கழுத்தில் வில்லை மாட்ட வேண்டுமாம்.

"சாப்பிட்டானா?" என்றாள் அம்மா.

"சாப்பிட்டான். இப்போது கூண்டுக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டான். உன் புடவைதான் ஒரே அழுக்கு. நாளைக்குத் துவைத்துப் போடப் போகிறேன்."

"இப்போது துவைக்காதே. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் அம்மா.