பதினோரு சீட்டுகள்

கண்ணு, உங்கள் குழுவில் இந்த வருஷத்துச் சிறந்த உறுப்பினருக்கான ஓட்டெடுப்பை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். சின்ன விருதுதானே என்று இருந்துவிடாதே. சம்பளம் வாங்காமல் நாலு பேருக்காக ஓடியாடுகிறவர்களுக்குக் கிடைக்கிற கூலியே அந்த ஒரு நாள் கைதட்டல்தான். உரியவருக்குச் சேர வேண்டிய அந்தக் கைதட்டலை ஒருமுறை நான் கெடுத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1984. கோவையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. துப்புரவுப் பணியாளர் முதல் சூப்பரின்டெண்ட் வரை எல்லாரும் அதில் உறுப்பினர். வருஷக் கடைசியில் சிறந்த உறுப்பினருக்குச் சுழற்கோப்பை உண்டு. சீட்டில் பெயரை எழுதி, மடித்து, பூட்டிய தகரப் பெட்டியில் போட வேண்டும். அந்த வருஷம் எண்ணிக்கைக்கு நானும் மன்றச் செயலாளரும்.

சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு மேஜைமேல் பெட்டியைக் கவிழ்த்தோம். பிரிக்கப் பிரிக்க, ஊதா மையில் ஒரே கையெழுத்தில் எழுதிய சீட்டுகள் வந்தன. ஒரே மாதிரி நான்காய் மடித்தவை. எல்லாவற்றிலும் பதிவறை உதவியாளர் ஒருவரின் பெயர். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. "கள்ள ஓட்டு" என்றார் செயலாளர். எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. வெளியே சொன்னால் அந்த மனிதருக்குத் தலைகுனிவாகுமே என்று அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பதினொன்றையும் கிழித்துக் கூடையில் போட்டேன். மறுநாள் கூட்டத்தில் முடிவை வாசித்தேன். வென்றவருக்கு 16 ஓட்டு, பதிவறைக்காரருக்கு 9.

மூன்று மாதம் கழிந்திருக்கும். வராண்டாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், நாங்களே பதனோரு பேரு போட்டமுங்க. நீங்க ஒம்பதுன்னு படிச்சீங்களே?"

அந்தப் பதினோரு பேருக்கும் எழுதத் தெரியாது. தபால் பிரிவில் இருந்த ஒரு பையனிடம் ஒவ்வொருவராகப் போய்ப் பெயரைச் சொல்லி எழுதி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பி.எஃப். கடனுக்கும் பிள்ளைகளின் பள்ளி மனுவுக்கும் அவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் அந்தப் பதிவறைக்காரர். வேறு யாருக்குப் போடுவார்கள்?

முதல் தப்பு, எழுதத் தெரியாதவர்களும் உறுப்பினராக இருக்கும் மன்றத்தில் எழுதிப் போடும் சீட்டை வைத்தது. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியில் சின்னம் ஒட்டினார்கள். சீட்டில் எதையும் எழுதாமல் பிடித்த பெட்டியில் போட்டால் போதும். நாடே கண்டுபிடித்த வழி எங்கள் அலுவலகத்துக்கு எட்டவில்லை. உங்கள் குழுவிலும் முதலில் இதைப் பார். ஓட்டுப் போடும் முறை யாருக்குச் சிரமம்?

ஆனால் என்னை அறுப்பது இரண்டாவது தப்பு. "ஒரே கையெழுத்தில் பதினோரு சீட்டு இருக்கிறது, தள்ளலாமா?" என்று கூட்டத்தில் கேட்டிருந்தால், அந்தத் தபால் பையன் எழுந்து, "நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று சொல்லியிருப்பான். உண்மை தெரிந்தவன் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நான்தான் கேட்கவில்லை.

பிற்பாடு ஹ்யூகோ விருதைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் கூடைதான் ஞாபகம் வந்தது. அறிவியல் புனைகதைக்கு 1953 முதல் தரும் விருது அது. நடுவர் குழு கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்களே ஓட்டுப் போடுகிறார்கள். 2015-இல் ஒரு கூட்டம் பெயர்ப் பட்டியல் போட்டு ஆள் திரட்ட, சில பிரிவுகளின் இறுதிப் பட்டியலில் அவர்கள் சொன்ன பெயர்கள்தான் இருந்தன. விதியை அவர்கள் மீறவில்லை. ஆகவே நிர்வாகிகள் ஒரு சீட்டையும் தொடவில்லை. உறுப்பினர்கள் ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்பதற்கே ஓட்டுப் போட்டு முடித்தார்கள். பிறகுதான் விதியைத் திருத்தினார்கள். ஒருவர் எத்தனை பெயர் முன்மொழிந்தாலும் அவர் கையில் இருப்பது ஒரே மதிப்பெண். அது அந்தப் பெயர்களுக்குள் பங்காகும். ஒரு மாநாடு ஏற்று, அடுத்த மாநாடு உறுதிசெய்து, 2017-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. அத்தனை பொறுமை எனக்கு இருந்ததில்லை.

அதே விருது சீனாவின் செங்டுவில் 2023-இல் வழங்கப்பட்டபோது, ஆர். எஃப். குவாங் எழுதிய 'பேபல்' நாவல் போட்டியிலிருந்து தள்ளப்பட்டிருந்தது. அடுத்த ஜனவரியில் வந்த எண்ணிக்கை விவரத்தில் 'தகுதியில்லை' என்று மட்டும் இருந்தது, காரணம் இல்லை. அந்த விருதின் பெயர் அதில் மிகவும் கெட்டது. 2024-இல் மாநாட்டை நடத்திய கிளாஸ்கோக்காரர்களுக்கும் ஓட்டைத் தள்ள வேண்டி வந்தது. ஓர் எழுத்து மட்டும் மாறும் பெயர்களில் போலி உறுப்பினர்கள் சேர்ந்திருந்தார்கள். தள்ளியவை 377 என்று எண்ணையும் காரணத்தையும் விழாவுக்கு முன்பே உலகறியச் சொன்னார்கள். யாருக்காக அந்த ஓட்டுகள் போடப்பட்டனவோ அவருக்கு அது தெரியும் என்பதற்குச் சான்றில்லை என்று அவர் பெயரை வெளியிடவில்லை. மானத்தைக் காப்பதென்றால் அப்படிக் காக்க வேண்டும்.

நம் உத்திரமேரூருக்கு ஒருநாள் போய் வா. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமேயான சபை அது, நடந்ததும் குலுக்கல்தான். அதை ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு விதி என்னை அங்கேயே நிறுத்திவைத்தது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த ஓலையை அங்கிருக்கும் பூசாரிகளான நம்பிமார் எல்லாரும் வாங்கி வாசிக்க வேண்டும். என் கை அன்று சாயங்காலம் மூடித்தான் இருந்தது.

அடுத்த வருஷப் பொதுக்குழுவில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதிவறைக்காரர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். கோப்பையில் வேறு பெயர் பொறித்தாகிவிட்டது. முந்தைய வருஷம் அவருக்கு விழுந்தவை 20 ஓட்டு என்று தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதி, அவருக்கும் ஒரு நகலைத் தபாலில் அனுப்பினேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா மேஜையருகே வந்து நின்றார். "எழுதினதக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்" என்றார். படித்தேன். பின்னால் நின்றவர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.