கடற்கரையில் எங்கே உண்பது?

நான் சென்னையில் ஆய்வு செய்துகொண்டிருப்பதால், நாராயணவனத்திலிருந்தும் புத்தூரிலிருந்தும் வரும் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பீச்சுப் பக்கம் சாப்பிட நல்ல இடம் எது?" நான் படித்தது மொழியியல், உணவியல் அன்று. ஆயினும் தனித்தனியே விடைசொல்லிக் களைத்துவிட்டமையால் அனைவருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

இக்கேள்விக்குத் தமிழில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள விடை ஒன்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுட்ட கடல் இறாலையும் வேகவைத்த வயல் ஆமையையும் தின்றதைச் சொல்கிறது. மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை எழுகின்ற முற்றங்களையும், அங்கே கள் விற்பதை அறிவிக்கும் கொடிகளையும் காட்டுகிறது. எனக்கு வியப்பளிப்பது அந்த வழிகாட்டும் முறைதான். கடையின் பெயரோ புகழோ அங்கில்லை. ஓசையைக் கேட்டு, கொடியைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

மெரினா மணலில் இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். பலகையைப் பார்த்துக் கடை தேடுவதைவிட எண்ணெய்ச் சட்டியின் ஓசையைத் தொடர்ந்து போவது மேல். ஆனால் ஒன்று: மிளகாய்ப்பொடி பூசி அடுக்கிவைத்த துண்டுகளில் மீனின் வயது மறைந்துவிடும். ஆகவே துண்டைவிட முழுமீன் நல்லது. சங்கராவோ வவ்வாலோ முழுதாய் இருந்தால் கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, விலையை முன்கூட்டியே பேசி, கண்ணெதிரே பொரித்துத் தரச் சொல்லலாம். முன்பே பொரித்து வைத்ததை மறுபடி சட்டியில் போட்டுத் தருவதை வாங்கவேண்டாம்.

மெரினா கடைகள் எல்லாம் தற்செயலாய் முளைத்தவை என்று எண்ணவேண்டா. உயர்நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக 2021 ஜனவரியில் 900 கடைகளுக்குக் குலுக்கல் நடந்தது. அவற்றில் 60 விழுக்காடு ஏற்கெனவே கடை வைத்திருந்தோருக்கு ஒதுக்கப்பட்டது. மணலில் ஒரு சட்டி வைப்பதற்கும் இங்கே நீதிமன்றம்வரை போகவேண்டியிருக்கிறது.

இனி மீன்பெயர்கள். கடற்கரைப் பகுதிகளின் உயர்தர உணவகங்கள் 'சீ ஃபுட்' என்னும் ஒற்றைச் சொல்லில் முழுக்கடலையும் அடக்கிவிடுகின்றன. அச்சொல்லோடு மீன்காரம்மாவிடம் போனால் எதுவும் நடவாது. பெயர் சொல்லிக் கேட்பவருக்கே நல்ல மீன் எழும். எங்கள் எல்லைப்புறத்தாருக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு. தமிழின் வஞ்சிரம் தெலுங்கில் வஞ்சரம், சுறா, சொர, நெத்திலி, நெத்தள்ளு. இவ்வளவில் எந்த மொழியில் கேட்டாலும் மீன் வந்துசேரும். தடுமாற்றம் இறாலிலும் நண்டிலும்தான்: அங்கே ரொய்ய, இங்கே இறால், அங்கே பீத, இங்கே நண்டு. கடல் எங்கள் பக்கத்துச் சந்தைக்குப் பெரும்பாலும் கருவாடாகவே வந்துசேர்வதால், பச்சை மீனின் பெயர்களை எங்களவர் புதிதாய்க் கற்கவேண்டியிருக்கிறது.

ஊர்ப்பெயர்களிலும் ஒரு வேடிக்கை. நெய்தல் நிலத்து ஊர்களுக்கு நம் இலக்கண மரபு தரும் பெயர்கள் பாக்கமும் பட்டினமும். இரண்டையும் ஒருங்கே சூடிக்கொண்டு நிற்கிறது பட்டினப்பாக்கம். குப்பம் என்றால் சென்னையில் மீனவர் குடியிருப்பு. சித்தூர் மாவட்டத்திலோ குப்பம் என்பது கடலே காணாத ஊர். திராவிடப் பல்கலைக்கழகம் இருப்பதும் அங்கேதான்.

அந்தக் குப்பங்களில்தான் கடற்கரையின் உணவு தொடங்குகிறது. 2023 ஏப்ரலில் லூப் சாலையோரத்து மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று அகற்றப்பட்டபோது, நொச்சிக்குப்பத்து மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது, 366 கடைகள். அதைத் தூய்மை என்றும் ஒழுங்கு என்றும் பாராட்டுவோர் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் இடையூறு என்று முதலில் எண்ணப்படுவது காரா, மீன்கூடையா என்பதை யார் முடிவுசெய்கிறார்கள் என்று கேட்காமலிருக்க என்னால் இயலவில்லை. சாலை வருமுன்பே கரையில் இருந்தவை அந்தக் கூடைகள். சமைக்க வசதியுள்ளவர்கள் காலையிலேயே அங்கே போய் வாங்குங்கள். அங்கேயே நறுக்கித் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாள்களில் சிறுபடகுகள் கொண்டுவருவதே கரைமீன். விலை ஏறியிருக்கும், பேரம் பேசிப் பயனில்லை.

மீன் உண்ணாத அத்தைகளுக்கு வேறு வழி: மெரினாவிலிருந்து திருவல்லிக்கேணிக்குள் நடந்தால் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபே. அங்கே இட்லி சாம்பாரில் மிதக்காது, மூழ்கும். சுண்டல், மிளகாய் பஜ்ஜி பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மணல் கலவாமல் கிடைத்தால் நல்லது.

பருகுவதற்கு வருவோம். பட்டினப்பாலையின் கொடி இன்று தமிழகக் கரையில் பறக்காது. 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. ஆந்திரத்தில் கள் இறக்குவோருக்குக் கூட்டுறவுச் சங்கமே உண்டு. சொல் இருபுறமும் ஒன்றுதான்: கள், கல்லு. எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் தொழில், மறுபக்கம் குற்றம். பெரியப்பாமார்கள் இதைக் கேட்டு முகம் வாடவேண்டாம். இளநீர், பன்னீர் சோடா, நன்னாரி எல்லாம் இருக்கின்றன. தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள்.

ஒரு நாள் கூடுதலாய் இருந்தால் நான் அனுப்புவது மெரினாவுக்கும் பெசன்ட் நகருக்கும் அன்று, பழவேற்காட்டுக்கு. நம் ஊரை ஒட்டிச் செல்லும் அருணா நதிதான் தமிழகத்துள் ஆரணியாறு என்னும் பெயரில் ஓடி அங்கே கடலைச் சேர்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கரை தமிழகத்தில். நண்டும் இறாலும் மடவையும் அந்த உவர்நீரில் வளர்பவை. பொன்னேரி வரை மின்ரயில், அங்கிருந்து பேருந்து. படகுகள் திரும்பும் நேரத்தை அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். இறாலை ரொய்ய என்று கேட்டாலும் அங்கே புரியும்.