செய்திக்கும் அறிவிப்பாளர் தொடர் வேண்டும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில், ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலை நேர மதரஸாவில் ஓதிக் கொடுத்து வருகிறோம். 2020 ஏப்ரலில் ஒருநாள், பல்லாண்டுகளாகப் பழகிய மளிகைக் கடைக்குச் சென்றிருந்தோம். நமக்கு முன்னால் நின்றவரிடம் கைநீட்டிக் காசு வாங்கிய கடைக்கார அம்மையார், நம்மைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். "பாய், தப்பா நெனச்சுக்காதீங்க. காசை அந்தத் தட்டுல வெச்சிடுங்க. டிவில என்னென்னமோ சொல்றாங்க" என்றார். அவர் மீது நமக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் எதுவும் பேச இயலவில்லை.

டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் அவ்வாண்டு மார்ச்சில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று திரும்பியோர் பலருக்கு நோய்த்தொற்று இருந்தது உண்மை. அதைச் சொல்வது செய்தியாளரின் கடமை. ஆனால் 'கொரோனா ஜிஹாத்' என்று பெயர் சூட்டியபோது செய்தி தீர்ப்பாக மாறியது. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியே கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது.

2020 ஆகஸ்ட் 21 அன்று, மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் 29 பேர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு, காட்சி ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பரப்புரை நடந்ததையும் சுட்டிக்காட்டியது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றமும் இந்தியர் 70 பேர் மீதான குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்தது. குற்றச்சாட்டை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. தீர்ப்பை அறிந்தவர் மிகச் சிலரே.

இவ்வளவு சொல்லும் நம்மிடமும் ஒரு குற்றம் உண்டு.

சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு பள்ளிவாசலை இடிக்கும் காணொளி நம் கைப்பேசிக்கு வந்தது. 'இன்று வடமாநிலத்தில்' என்ற குறிப்பைப் படித்த வேகத்தில், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். மாலையில் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "ஹஜ்ரத், இது பழைய வீடியோ. நம்ம நாடே இல்லை" என்றார்.

அதற்குள் ஒரு மாணவரின் தந்தை, அக்காணொளியைத் தம் ஆலையில் காட்டி, உடன் பணிபுரியும் ஒடிசா இளைஞரிடம் கடுஞ்சொற்கள் பேசிவிட்டார். இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திரத்தில் சோறு பகிர்ந்தவர்கள். உடனே குழுவில் திருத்தம் அனுப்பினோம். முதல் செய்தியைப் பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட அதைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியைக் குறை கூறிய நாம், அதே வேலையைச் சிறிய அளவில் செய்திருந்தோம்.

அந்த வாரம்தான் மாணவர்களுக்கு இஸ்னாத் பாடம் நடத்தியிருந்தோம். இமாம் புகாரி போன்றோர் ஒரு ஹதீஸை ஏற்குமுன், அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தார்கள். ஒருவர் மற்றவரிடம் நேரில் கேட்டாரா என்பதையும் விசாரித்தார்கள். செய்தி கொண்டுவருபவர் தீயவராயின் அதைத் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தக் கூடாது என்பதே அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளை. அக்காணொளியை முதலில் அனுப்பியவர் யாரென்றே நமக்குத் தெரியாது. தீயவரின் செய்தியையே விசாரிக்கச் சொல்லும்போது, முகமறியாதவரின் செய்தியை எப்படி அப்படியே ஏற்றோம்?

மறுநாள் அத்தந்தையுடன் ஆலை வாயிலுக்குச் சென்று, அவ்விளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவருக்குத் தமிழ் அரைகுறை. நமக்கு இந்தி அரைகுறை. அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார்.

இப்போது மதரஸாவில் எந்தச் செய்தி வந்தாலும் பிள்ளைகள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: யார் சொன்னது? எப்போது நடந்தது? வேறு யார் உறுதி செய்தார்? ஊடகங்களிடம் இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முதலில் நம் விரல்களிடம் கேட்போம்.

நாவின் தீங்கிலிருந்தும் விரலின் அவசரத்திலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.