வழுக்க வேண்டியது

மோட்டார் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை. இந்த வியாதி சட்னி அரைக்கும் மிக்ஸிக்கும் வரும். மணலில் ஓடும் விளையாட்டு வண்டிக்கும் வரும். வைத்தியம் தெரியாதவன் கையில் திருப்புளி அகப்பட்டால் என்ன ஆகும் என்பதை நான் தெரிந்துகொண்டது என் சொந்தச் செலவில் அல்ல; என் தங்கை மகனின் செலவில்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறைக்குச் சிதம்பரத்திலிருந்து கடலூரில் என் வீட்டுக்கு வந்தவன், கையில் ஒரு பெட்டியோடு வந்தான். இரண்டு வருஷத்துப் பொங்கல் காசைச் சேர்த்து, மீதியைத் தகப்பனார் போட்டு வாங்கிய ரிமோட் வண்டி. பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு; ஒவ்வொரு மறையையும் கழற்றி மாட்டலாம். 1979இல் ஜப்பானில் டமியா கம்பெனி இந்த மாதிரி மணல் வண்டிகளை விற்கத் தொடங்கியதாம். அது முதற்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் இதைப் பிரித்துப் போட்டே இயந்திர சாஸ்திரம் கற்றிருக்கிறார்கள்.

"மணல்ல ஓட்டக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார் மாமா."

"மணலில் ஓடத்தானேடா செய்திருக்கிறான்!" என்று சொல்லி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு அழைத்துக்கொண்டு போனவன் நான்தான்.

அரை மணி நேரம் பிரமாதமாக ஓடியது. பிறகு மேட்டில் ஏறும்போதெல்லாம் மோட்டார் கத்தியது, சக்கரம் நின்றது. "கடகடன்னு பல்லு தாண்டற மாதிரி சத்தம் வருது மாமா" என்றான் பையன். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய பல்சக்கரத்தின் பக்கத்தில் ஸ்பிரிங்கும் நட்டுமாக ஒரு சாதனம் இருந்தது. அதன் பெயரே ஸ்லிப்பர் கிளட்ச். வழுக்குகிற வண்டியில் வழுக்கி என்று பெயர் வைத்த உறுப்பு இருந்தால் குற்றவாளி வேறு யார்? நட்டை இறுகும் மட்டும் முறுக்கினேன்.

மறுநாள் காலை வாசலிலேயே சோதனை. வண்டி சீறிப் பாய்ந்தது, படிக்கட்டிலிருந்து குதித்தது, ஒரு தடவை கர்ரென்றது. அவ்வளவுதான். பிளாஸ்டிக் பல்சக்கரம் மொட்டையாகிவிட்டது.

அன்று இரவு மாப்பிள்ளை போனில் பேசினார். பையன் மறைக்காமல் சொன்னான்: "பல்லு போயிடுச்சுப்பா." மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "உன் கையில கொடுத்தா எதுதான் உருப்படும்?"

நான் பக்கத்திலேதான் நின்றேன். போனை வாங்கி, "நான் செய்தது மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கம் பக்கமாக மனுஷனுடைய மனசாட்சியைப் பற்றி எழுதுகிறவனுக்கு நாலு வார்த்தை வாயில் வரவில்லை. பையன் போனை வைத்துவிட்டுப் படுக்கப் போனான். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவனைக் கொண்டுபோய் விடுவதற்காக ரயிலேறினேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் இருவரும் பேசவில்லை. சிதம்பரத்தில் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், தேரோடும் வீதிப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம்.

அவர் வண்டியைத் தொடவே இல்லை. "முதல்ல சத்தம் எப்படி வந்துச்சு தம்பி?" என்று கேட்டார்.

"கடகடன்னு."

"ஹூன்னு இழையற சத்தம்னா கிளட்ச் வழுக்குது. கடகடன்னா பல்லு தாண்டுது" என்றார். பிறகு மோட்டாரைப் பிடித்து அசைத்தார். அசைந்தது. அதைப் பிடித்திருந்த மறை அதிர்ச்சியில் கழன்று, மோட்டார் சற்றுப் பின்வாங்கியிருந்தது. இரண்டு சக்கரத்தின் பற்களும் நுனியில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தன. பாரம் வந்தால் தாண்டாமல் என்ன செய்யும்?

ஒரு பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பையன் சுற்றிப் பார்த்தான். அது சுலபமாகச் சுற்றியது. "இதுவும் வழுக்குதா?" என்றான். "அது டிஃபரன்ஷியல். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணுமே, அதுக்கு. அது நோய் இல்லை" என்றார். கடைசியில் இரண்டு சக்கரங்களையும் அழுத்திப் பிடித்து, பல்சக்கரத்தைக் கட்டை விரலால் தள்ளினார். இம்மியும் நகரவில்லை.

"இதை யாரு இப்படி முறுக்கினது? வண்டி குதிச்சு விழற அதிர்ச்சியை இதுதான் வாங்கிக்கணும். மிக்ஸியில ஏதாவது மாட்டினா கப்ளர் போகும், மோட்டார் பிழைக்கும். ஆனியிலயும் மார்கழியிலயும் நம்ம தேருக்கு முட்டுக்கட்டை போடறாங்களே, கட்டைதானே நசுங்குது? வழுக்க வேண்டியதை வழுக்க விடணும் சார். இல்லாட்டி வேற ஒண்ணு உடையும்."

"நான்தான் முறுக்கினேன்" என்றான் பையன்.

எனக்குச் சுரீரென்றது. என் மானத்தைக் காப்பாற்ற அவன் நசுங்கிக்கொண்டிருந்தான். அதுவும் இரண்டாம் தடவையாக.

"இல்லை ஐயா, முறுக்கியது நான். இவன் சத்தத்தைப் பற்றிச் சொன்னான், நான் கேட்கவில்லை" என்றேன். பெரியவர் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே பல் அளவில், அதே எண்ணிக்கையில் புதுச் சக்கரம் வரவழைக்கச் சொன்னார். நோட்டுத்தாள் துண்டு ஒன்றை இரண்டு பற்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை நெருக்கி மறையை இறுக்கிவிட்டுத் தாளை உருவிவிட வேண்டும். அந்த இடைவெளி போதும். மறையில் கழலாமல் பிடிக்கும் பசை ஒரு சொட்டு. கிளட்ச் நட்டையோ, கிளம்பும்போது ஓரிரு அடி வழுக்கிப் பிறகு பிடித்துக்கொள்ளும்படி தளர்த்தி வைக்க வேண்டும்.

வீட்டில் காபி வருவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மணலையும் சேர்த்துத்தான். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மச்சான்" என்றார். நியாயமான பேச்சு. பிறகு எழுந்து உள்ளே போனார். பையனிடம் என்ன சொன்னாரென்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பத்து நாள் கழித்துப் பையன் போன் செய்தான். "சக்கரம் வந்துடுச்சு மாமா. அப்பாவும் நானும் மாட்டினோம். முதல்ல ரெண்டு அடி வழுக்குது, அப்புறம் பிடிச்சுக்குது."

"சத்தம் எப்படியடா இருக்கிறது?"

போனை வண்டியின் அருகே பிடித்தான். இந்தத் தடவை கவனமாகக் கேட்டேன்.