“காளியம்மாவும் ரத்தம் குடிச்சாங்கதானே, டீச்சர்?”

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம ஞாயிறு தேவார வகுப்புல ஒரு பையன், மூன்றாம் ஆண்டு படிக்கிறான். எல்லாச் சன்னதியும் சுத்துவான், காளியம்மன் பக்கம் மட்டும் வரமாட்டான். ஏன்யான்னு கேட்டேன். அண்ணனோட சேர்ந்து ‘தி பேட்மேன் வெர்சஸ் டிராகுலா’ கார்ட்டூன் படம் பார்த்தானாம். “காளியம்மாவும் ரத்தம் குடிச்சாங்கதானே டீச்சர்? அப்போ அவங்களும் வேம்பயரா?”

பக்கத்துல மாலை கட்டிக்கிட்டு இருந்த அம்மா ஒருத்தர், “சாமிய அப்படிப் பேசலாமா!”ன்னு அதட்டினாங்க. எனக்கு அதட்டத் தோணல. நீட்டின நாக்கு, கோரைப் பல், ரத்தம். எட்டு ஒன்பது வயசுப் பிள்ளை வேற என்ன நினைக்கும்?

அன்னிக்கு ராத்திரியே அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். 2005ல வந்தது. புதையல் தேடி காத்தம் நகரத்துக் கல்லறைக்குள்ள போறான் பெங்குவின். அவன் கையில வெட்டு. அந்த ரத்தம் சொட்டி, செத்துக் கிடந்த டிராகுலா நெஞ்சுல விழுது. எழுந்துட்டான்! அப்புறம் அவன் கடிச்சவங்க எல்லாரும் அவனை மாதிரியே ஆகி, ஊருக்கு அடியில பெரிய கூட்டமே சேர்ந்துடுது.

சொட்டு ரத்தம் விழுந்தா அசுரன் எழும்புற கதை நமக்குப் புதுசா? தேவி மாகாத்மியம் 8ஆம் அத்தியாயம், ரக்தபீஜன் வதம். அவன் ரத்தம் ஒரு துளி மண்ணுல பட்டா இன்னொரு ரக்தபீஜன். சப்த மாதர்கள் வெட்ட வெட்ட அவன்தான் பெருகுறான். அதனாலதான் சண்டிகை காளியைப் பார்த்து, வாயை அகலமாத் திறந்து அந்த ரத்தத்தைக் கீழே விழாம குடிச்சிடுன்னு சொல்றா. குடிக்கக் குடிக்க அசுரன் ரத்தம் வத்தி விழுந்துட்டான்.

அடுத்த வாரம் பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொன்னேன். டிராகுலா குடிக்கிறது தன் கூட்டத்தைப் பெருக்க. அம்மா குடிச்சது அந்தப் பெருக்கத்தை நிறுத்த. டிராகுலா கூட யாரையாவது சேர்க்கணும்னா ரக்தபீஜனைச் சேருங்க, நம்ம அம்மாவை இல்ல.

படத்துல எனக்குப் பிடிச்ச இன்னொண்ணு: கடிபட்டவங்களை பேட்மேன் கொல்லல. மருந்து கண்டுபிடிக்கிறார். வேம்பயரா மாறின ஜோக்கரையே முதல்ல அதால குணமாக்குறார். சேர்த்து வச்ச சூரிய ஒளியில சாம்பலாகுறது டிராகுலா மட்டும்தான். (உடனே பேட்மேனை அம்மாவோட ஒப்பிடுறேன்னு யாரும் கமெண்ட்ல கிளம்பிடாதீங்க!)

கதை முடிஞ்சதும் அந்தப் பையன் கேட்டான்: “அவ்வளவு கெட்ட ரத்தம் குடிச்சா அம்மாவுக்கு வயிறு வலிக்காதா?” எனக்குப் பதில் வரல. நீலகண்டர் ஞாபகம்தான் வந்துச்சு. அதை அடுத்த வகுப்புக்கு வச்சிருக்கேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சாப்பிட அடம் பிடிச்சா “காளியம்மாகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்”னு மிரட்டுறதை நானே கோயில் மண்டபத்துல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம். அப்படிப் பழகின பிள்ளைக்கு டிராகுலா படமே தேவையில்ல, சன்னதின்னாலே பயம் வந்துடும்.

நவராத்திரிக்கு தேவி மாகாத்மியம் படிக்கும்போது பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. 8ஆம் அத்தியாயம் அன்னிக்கு முன்வரிசை அவங்களுக்குத்தான். பெரியவங்க கொஞ்சம் பின்னால உட்காருங்க.